தனியாகப் போன தலைவர்

போன ஞாயிறு ஒரு தொழிற்சங்கக் கூட்டத்தில் பேசினேன். நானா கேட்டேன்? சங்கச் செயலாளரே எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்து கூப்பிட்டார்.

ஜெர்மனியில் அந்தக் காலத்தில் தொழிலாளர்களுக்கென்று முதன்முதலாகக் கட்சி கட்டினாரே, அவர் கதையைக் கான்ட்ராக்ட் ஆட்களுக்குச் சொல்ல வேண்டுமாம். காதல், துப்பாக்கிச் சண்டை எல்லாம் இருப்பதால் யாரும் தூங்க மாட்டார்களாம். சரி என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னார் - "அந்தப் பிரதம மந்திரி மேட்டர் மட்டும் வேணாங்க மேடம்."

ஏன் வேண்டாம்?

எனக்குக் கொஞ்சம் சந்தேகப் புத்தி. பால்காரர் கூடுதலாகச் சிரித்தால் பாலை முகர்ந்து பார்ப்பேன். வேண்டாம் என்றால் விடுவேனா? அதைத்தான் முதலில் தேடிப் படித்தேன்.

மனிதர் பட்டு வியாபாரி வீட்டுப் பிள்ளை. மேடையில் புலி. கூலி எப்போதும் உயிர் ஒட்டிக்கொண்டிருக்கும் அளவுக்குத்தான் கிடைக்கும், அதற்கு மேல் நிலைக்காது என்றார். எல்லாருக்கும் ஓட்டு வேண்டும், அரசாங்கம் முதல் போட வேண்டும், தொழிற்சாலையைத் தொழிலாளியே நடத்த வேண்டும் என்றார். கடைசியில் ஒரு பெண்ணுக்காகத் துப்பாக்கிச் சண்டைக்குப் போய், நாற்பது வயதுகூட ஆகாமல் செத்தார். அநியாயமாக இல்லை?

இதே மனிதர், தன் ஆட்களுக்குத் தெரியாமல் பிரதம மந்திரியைச் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தார். பின்னாளில் தொழிலாளர் கட்சிக்கே தடை போட்டாரே, அதே மந்திரி! நல்லது செய்யப் போனாரா, விலை பேசப் போனாரா... படித்தவர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

மேடையில் அதையும் சொல்லிவிட்டேன்.

அவ்வளவுதான். அத்தனை தலையும் செயலாளர் பக்கம் திரும்பியது. அவர் செல்போனில் எதையோ மும்முரமாகத் தேடினார். அடப்பாவி... ஊரே சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறது, எனக்குத்தான் லேட்!

முத்தாண்டிக்குப்பம் தனலட்சுமி எழுந்தார். நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. இந்த வருஷம் விட்டால் பர்மனெண்ட் ஆகும் வயசு தாண்டிவிடும். அந்தப் பேச்சுவார்த்தைக்குத்தான் செயலாளர் அடிக்கடி மேனேஜ்மெண்ட் ஆபீஸுக்குத் தனியாகப் போய் வருகிறார்.

"அவரு உள்ள போனப்ப, கூட யாரையாச்சும் இட்டுகினு போனாருங்களா?"

இல்லை, தனியாகத்தான் என்றேன்.

செயலாளர் மைக்கை வாங்கினார். தான் போவதெல்லாம் இவர்களுக்காகத்தான், சில விஷயங்களை வெளியே பேசினால் காரியம் கெட்டுவிடும் என்றார். உண்மையாகவே இருக்கலாம். ஜெர்மனிக்காரரைக் கேட்டிருந்தால் அவரும் இதையேதான் சொல்லியிருப்பார்!

தனலட்சுமி உட்காரவில்லை. "செரிங்க. அடுத்த வாட்டி நானும் வர்றேன். ஒண்ணும் பேச மாட்டேன்... பார்த்துகினு நிப்பேன்."

செயலாளர் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா - எனக்குப் பிடிபடவில்லை.

தனலட்சுமிக்கு அந்தச் சந்தேகமே இல்லை.

"எத்தினி மணிக்குங்க வரணும்?"