இன்னும் ஒரு வாய்

நான் எழுதத் தெரிந்தவள் இல்லை. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதன் பிறகு எழுதியதெல்லாம் கடிதங்களும், பிள்ளைகளுக்கு லீவு கேட்டு டீச்சருக்கு அனுப்பிய துண்டுகளும்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாதம் என் இளைய மகன் பள்ளிக்கூடச் சுற்றுலாவில் கொழும்புப் பக்கம் ஒரு விளையாட்டுப் பூங்காவுக்குப் போய்வந்து, ராட்டினம் எவ்வளவு உயரம் என்று கையைத் தூக்கிக் காட்டினான். எனக்கும் அந்த இடம் தெரியும் என்றேன். நீங்கள் எதில் ஏறினீர்கள் என்று கேட்டான். ஒன்றிலும் ஏறவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு அப்போது ஏழு வயது. உம்மா சவூதியில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தார். மூன்று மாத லீவில் ஊருக்கு வந்திருந்தார். எங்கள் தெருவில் அப்படிப் போய்வரும் உம்மாமார் இன்னும் சிலர் இருந்தார்கள். லீவு முடிய ஒரு கிழமை, ஏழே நாள், இருக்கும்போது நான் கொய்யா மரத்திலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்டேன். வேண்டுமென்று விழவில்லை. ஆனால் கட்டி வைத்திருந்த பெட்டியின் கயிற்றை அவிழ்த்து, உம்மா உடுப்புகளைத் திரும்பவும் அலுமாரிக்குள் அடுக்கியதைப் பார்த்தபோது, இந்த மரத்திலிருந்து முன்பே விழுந்திருக்கலாம் என்று தோன்றியது.

“கை சுகமாகாம நான் எங்கயும் போகமாட்டன், என்ட கிளி” என்றார் உம்மா. நான் அதை அப்படியே நம்பினேன்.

மாவுக்கட்டு முழங்கைக்கு மேலே வரை இருந்தது. இடது கையால் சாப்பிடுவது எங்களுக்கு ஆகாத காரியம். ஆகவே மூன்று வேளையும் உம்மாதான் ஊட்டினார். என் இரண்டு காக்காமாரும், அதாவது அண்ணன்மாரும், ஏழு வயதுக் கைக்குழந்தை என்று பழித்தார்கள். அந்தப் பட்டம் எனக்குப் பிடித்திருந்தது. எலும்பு பொருந்த வேண்டுமென்று உம்மா அடிக்கடி விரால் மீன் ஆணம் காய்ச்சினார். கை சீக்கிரம் பொருந்தினால் உம்மா போய்விடுவார் அல்லவா? மீன் துண்டைக் கன்னத்தில் அடக்கிவைத்திருந்து, கிணற்றடிக்குப் போய்ப் பூனைக்குத் துப்பினேன். உம்மாவின் தம்பி, எங்கள் மாமா, ஒருநாள் அதைப் பார்த்துவிட்டார். “பூனைக்கு எலும்பு நல்லாப் பொருந்திட்டுப் போல” என்று மட்டும் சொன்னார். யாரிடமும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆறு கிழமை அப்படிப் போனது. மாவுக்கட்டை வெட்டுவதற்கு ஆஸ்பத்திரியில் நாள் தந்திருந்தார்கள். அதற்கு முதல் நாள் மாமா ஒரு வேன் பிடித்து வந்தார். பிள்ளைகளுக்குப் பூங்கா காட்டிவிட்டு வருவோம் என்றார். உம்மா, வாப்பா, பக்கத்து வீட்டில் இருந்த உம்மாவின் தங்கை சாச்சி, காக்காமார், நான் என்று எல்லோரும் சுபஹுத் தொழுகைக்கு முன்பே ஏறினோம். என் காலடியில் ஒரு பெட்டி போர்வையால் மூடிக் கிடந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, கொழும்பிலுள்ள சொந்தக்காரருக்கு அரிசிமா என்று மாமா சொன்னார். வாப்பா முன் சீட்டில் இருந்தார்.

பூங்காவில் ராட்டினத்தின் வாசலில் நின்றவர் என் கட்டைப் பார்த்ததும் சிங்களத்தில் ஏதோ சொல்லிக் கையை ஆட்டினார். காக்காமார் என்னைத் திரும்பியும் பார்க்காமல் உள்ளே ஓடினார்கள். மாமா என்னை ஓரமாகக் கூட்டிப்போய், உம்மாவின் சால்வையை என் தோளில் போர்த்தினார்.

“கைய இதுக்குள்ள ஒளிச்சிக்க, புள்ள. மற்ற வாசலால போவம். ஆர் பாக்கப் போறான்?”

கட்டை ஒளித்தால் கை சுகமாகிவிட்டது என்று ஆகிவிடும். எனக்கு அதுதான் பயம். சால்வையைத் தள்ளிவிட்டு, ஏறமாட்டேன், கை வலிக்கிறது என்று அழுதேன். உண்மையில் வலி நின்று இரண்டு கிழமைக்கு மேல். ராட்டினத்தில் ஏற எனக்கிருந்த ஆசையை இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

பிறகு உம்மாவும் நானும் ஒரு மரத்தடியில் கிடந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். வாப்பா கொஞ்சம் தள்ளி நின்றார். தண்ணீர்ச் சறுக்கலில் நனைந்த காக்காமாரின் செருப்புகள் எங்கள் பக்கத்தில் காய்ந்தன. உம்மா சோற்றுப் பார்சலை அவிழ்த்தார். மாமா கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கரண்டி வாங்கிக்கொண்டு வந்து, இனி புள்ளையே அள்ளிப் பழகட்டும் என்றார். உம்மா அதை வாங்கிப் பையில் போட்டுவிட்டுக் கையால் பிசைந்தார்.

பாதிச் சோறு முடிந்திருக்கும்.

“மகள், உண்மையச் சொல்லு. கை இன்னும் வலிக்கிதா?”

“ஓம் உம்மா. நல்லா வலிக்கிது.”

உருண்டை பிடித்த கை அப்படியே நின்றது. உம்மா வாப்பாவைப் பார்த்தார். வாப்பா ராட்டினத்தைப் பார்த்தார். நான் வென்றுவிட்டதாக நினைத்தேன்.

“இன்னும் ஒரு வாய்” என்றார் உம்மா. வாங்கினேன். மறுபடியும் இன்னும் ஒரு வாய் என்றார். எனக்கு வயிறு முட்டிவிட்டது. வாயை இறுக்கி மூடித் தலையைத் திருப்பிக்கொண்டேன். அந்த உருண்டையைத் தானும் தின்னாமல், பார்சலிலும் போடாமல், காக்காமார் வரும்வரை உம்மா கையிலேயே வைத்திருந்தார். சோறு காய்ந்து விரலில் ஒட்டிவிட்டது. எனக்கு அது விசர் பிடித்த வேலையாகத் தெரிந்தது.

பொழுது சாயும்போது வேனில் ஏறி உம்மாவின் மடியில் தூங்கிப்போனேன்.

அன்றைக்குத்தான் உம்மாவின் சவூதிப் பயணம் என்று வேனில் எல்லோருக்கும் தெரியும். காக்காமாருக்கும் தெரியும். நான் அழுவேன் என்று எனக்கு மட்டும் சொல்லவில்லை. வலி இல்லை என்று என் வாயால் ஒருதரம் கேட்டுவிட்டுப் போகத்தான் உம்மா அப்படிக் கேட்டார் என்பதும் எனக்குத் தெரியாது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு கடிதத்திலும் முதல் வரி என் கையைப் பற்றித்தான். சுகமாகிவிட்டது என்று சாச்சி எழுதிக்கொண்டே இருந்தார். பயணத்தை எனக்கு மறைத்ததுபோல, என் வலியைத் தனக்கு மறைக்கிறார்கள் என்று உம்மா நினைத்தாராம். திரும்பி வர நான்கு வருடம் ஆனது. அதற்குள் நான் ஊட்டிவிடும் வயதைத் தாண்டியிருந்தேன். கேட்க வெட்கப்பட்டேன். உம்மாவும் வெட்கப்பட்டிருக்கலாம்.

இப்போதும் மாரி மழை நாட்களில் உம்மா என் முழங்கையைத் தொட்டு, வலிக்கிறதா என்று கேட்பார். இல்லை என்பேன். நம்பாத மாதிரித்தான் பார்ப்பார். அன்றைக்கும் வலிக்கவில்லை என்று இன்னும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் வேன் ஊருக்குள் வரும்போது என் தலை சாச்சியின் மடியில் இருந்தது. காலடியில் பெட்டி இல்லை. வாப்பா என்னை நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். கட்டை வெட்டினார்கள். எலும்பு நன்றாகப் பொருந்தியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பகலைக்குச் சாச்சி சோறு போட்டுத் தந்தார். நானே வலது கையால் தின்றேன்.