ஸ்டெல்லாவுக்காக இறக்கிய கார்

“அண்ணே, இவரு எழும்ப மாட்டேங்கிறாரு. கையெல்லாம் ஜில்லுன்னு இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்டெல்லா தொலைபேசியில் சொன்னது இவ்வளவுதான். நான் கடுகண்ணாவையில் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, கட்டிலைவிட்டு இறங்க முடியாமல், கணவன் ராபர்ட்டின் கையைப் பிடித்தபடியே கிடந்தாள். மாரடைப்பில் போய்விட்டான் என்றார்கள்.

கண்டியில் நம் புடவைக்கடையில் வேலை பார்த்த ராபர்ட்டை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இந்த வயதில் இளவட்டங்களைப் போலக் காரின் உடலைத் தரையை ஒட்டித் தாழ இறக்கி ஓட்டுகிறான் என்று அவனைக் கேலி செய்தீர்கள். அவன் காரணம் சொல்லவில்லை. இப்போது நான் சொல்கிறேன்.

ஸ்டெல்லாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டன. இரத்தம் சுத்தம் செய்ய அடிக்கடி ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் உயிர் தங்காது. இடுப்பெலும்பும் தேய்ந்து, அந்த உயரமான பழைய காரில் ஏறக் காலைத் தூக்க முடியாமல் போனது. ராபர்ட்தான் தூக்கி உட்காரவைப்பான். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் அத்தனை பேர் பார்க்க, அவள் அழுதாள்.

“மூட்டை மாதிரி தூக்காதீங்க. இதுக்கு நான் வராமலே இருந்துடுறேன்.”

சொன்னபடியே அடுத்த முறை வர மறுத்துவிட்டாள்.

அந்தப் பயத்தில்தான் காரை இறக்க நினைத்தான். பிலிமத்தலாவையில் ஒரு கராஜ்காரர், “இந்த ரோட்டுக்குக் காரோட அடி தட்டும் சேர், நான் செய்ய மாட்டேன்” என்று அனுப்பிவிட்டார். காரைத் தாங்கும் ஸ்பிரிங்குகளுக்குப் பதிலாகப் போட, கட்டையானவற்றைத் தானே வாங்கி வந்து என்னைக் கூப்பிட்டான்.

“எனக்கு இந்த வேலை தெரியாது மச்சான். தெரிஞ்சுக்கிற வரைக்கும் அவ இருக்க மாட்டா.”

முற்றத்தில் காரை ஜாக்கியால் தூக்கி, முட்டுக் கொடுத்தோம். பின்பக்கம் சிரமமில்லாமல் முடிந்தது. முன்பக்கத்துப் பழைய ஸ்பிரிங்கை இரண்டு கொக்கிகளால் இறுக்கி அமுக்கி, வெளியே எடுக்கும்போது ஒரு கொக்கி வழுக்கியது. ஸ்பிரிங் அவன் முகத்தை உரசுவதுபோலத் துள்ளிப்போய்ச் சுவர்ப் பூச்சைப் பெயர்த்தது. போதும், விட்டுவிடு என்றேன். தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

“விட்டுட்டு உள்ள போயி அவகிட்ட என்னத்தச் சொல்ல?”

எழுந்து வேலையைத் தொடர்ந்தான். பொழுது சாயுமுன் முடித்தோம். ஸ்டெல்லா மெல்ல நடந்து வந்து, தானே உட்கார்ந்து, கால்களை உள்ளே இழுத்து, கதவைத் தானே சாத்தினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிப் பயணத்தில் நானும் பின்சீட்டில் இருந்தேன். புதிய ஸ்பிரிங் இறுக்கமானது. ஒவ்வொரு குழியிலும் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உதட்டைக் கடித்தாள். பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடிக்க, ராபர்ட் நடைவேகத்தில் ஊர்ந்தான். முடியாமல் ஓரமாக நிறுத்தினான்.

“நாசமாக்கிட்டேன். பழசையே போட்டுடுறேன்.”

“வலி எனக்குப் பழகிப்போச்சு,” என்றாள் ஸ்டெல்லா. “நீங்க தூக்குறதுதான் பழகல. இப்படியே இருக்கட்டும்.”

ஸ்டியரிங்கில் முகத்தை வைத்து அவன் அழுததை அன்றுதான் பார்த்தேன்.

ராபர்ட்டின் அடக்கம் முடிந்த மறுநாளே அவளுக்கு ஆஸ்பத்திரி முறை. நான் காரை ஓட்டினேன். “இனிமே யாருண்ணே?” என்று கேட்டாள். இந்த வியாழக்கிழமை முறைக்கும் நான் போவேன். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்த முறைக்கு வழி தெரியாமலே இந்த முறைக்குக் கிளம்பிவிடுவான் ராபர்ட். அவனிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டு ஒற்றை ஆளாக என்னால் சமாளிக்க முடியாது. உங்களில் கார் ஓட்டத் தெரிந்தவர்கள், அவளை மாறி மாறி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வாருங்கள்.