ஷமீம் அக்கா தொட்ட பாட்டில்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் சூப்பர்வைசராக இருந்தபோது, ஆர்டர் கொடுக்க வந்த வெளிநாட்டுக்காரர் ஒரு பாட்டிலைப் பரிசாக நீட்டினார். குளிர்ந்த கடற்கரையில் இருக்கும் அவர் ஊரில், வெயிலில் பழுத்த திராட்சையில் செய்த வெள்ளை ஒயினாம். மறுக்கத் தெரியாமல் வாங்கிவிட்டேன். வழியில் கொட்டலாமென்றால் கார்க்கைத் திறக்க வரவில்லை.

இனி குடித்தால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்த என் கணவர், வீட்டுக்கு வந்ததும் என் பையிலிருந்து அதை எடுத்துவிட்டார். கத்தியால் கார்க்கைக் குடைந்தார்.

"ஒரே ஒரு வாய், மேரி."

காலில் விழுந்து கெஞ்சினேன். பிடுங்கப் பார்த்தேன். முடியவில்லை. என் அலறல் கேட்டுப் பக்கத்து வீட்டு ஷமீம் அக்கா ஓடி வந்தார்.

"இன்னாண்ணே இது? என் கையில குடுங்க."

"நீங்க இதத் தொடக் கூடாதும்மா."

"தெரியும். குடுங்க."

நீட்டிய கையை அவர் இறக்கவே இல்லை. என் கணவர் அழுதுகொண்டே கொடுத்தார். அக்கா அதைச் சாக்கடை ஓரக் கல்லில் அடித்து உடைத்தார். தெருவெல்லாம் பழ வாசனை. பிறகு குழாயடியில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

விடியும்வரை நடுங்கிக்கொண்டிருந்த கணவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிழைத்துக்கொண்டார்.

"அந்தம்மா கை நீட்டினது கண்ணுலயே நிக்குது" என்று இப்போதும் சொல்வார்.

எனக்கும்தான்.