விழுப்புரம் போர்டில் அத்தையின் பாட்டு

என் அத்தை மொத்தம் மூன்று கேசட் போட்டாள். முதல் கேசட்டில் ஆறு பாட்டு, இரண்டாவதில் ஐந்து, மூன்றாவதில் நான்கு. எந்தப் பாட்டுக்குப் பிறகு எந்தப் பாட்டு வரும், எந்த இடத்தில் அத்தை மூச்சு வாங்குவாள் என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவேன். நான் பெற்ற பிள்ளைகளின் பிறந்த தேதிகூட அப்படி நினைவில் இல்லை. அதற்காக வீட்டில் வாங்கிய பேச்சு தனி.

அத்தை என் அப்பாவுக்கு ஒரே தங்கை. தாத்தா சின்ன வயதிலேயே போய்விட்டதால் அப்பாதான் அவளை வளர்த்தார். அப்பாவுக்கு எழுத்து தெரியாது. திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில், அதாவது வேர்க்கடலை மண்டியில், மூட்டை தூக்கிக்கொண்டு தங்கையை மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை படிக்க வைத்தார். பிறகு அவள் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலைக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுவாள். அங்கே கிட்டார் வாசித்த ஓர் அண்ணன், தடித்த கம்பி போட்ட இன்னொரு கிட்டார் வாசித்தவர், டிரம் அடிக்கிற பொம்மையார்பாளையத்துக்காரர் ஒருவர் என்று மூன்று பேர் அவளோடு சேர்ந்தார்கள். டிரம் அடிப்பவர் மீன்பிடிக்கிற வீட்டுப் பிள்ளை. எப்போது வந்தாலும் எங்கள் வீட்டுக்கு ஒரு பை கருவாடு கொண்டுவருவார். அதனாலேயே அம்மாவுக்கு அந்தக் குழுவில் அவர் ஒருவரைத்தான் பிடிக்கும்.

குழுவுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான். கடலில் புயல் உருவானால் துறைமுகத்தில் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் என்று கூண்டு ஏற்றுவார்களே, அந்தப் புயல் கூண்டு. சினிமாப் பாட்டு பாடமாட்டார்கள். எல்லாம் அவர்களே கட்டிய பாட்டு. புடவை கட்டிய பெண் ஒருத்தி நடுவில் நின்று அடிவயிற்றிலிருந்து பாடுவாள். சுற்றி மூன்று ஆண்கள் இடி இடிக்கிற மாதிரி வாசிப்பார்கள். சொல் எல்லாம் தமிழ்தான் என்றாலும் ஊரில் அதற்கு இங்கிலீஷ் கச்சேரி என்றுதான் பெயர்.

"இன்னா நைனா, உன் தங்கச்சி இன்னிக்கி எத்தினாம் நம்பர் கூண்டு ஏத்திக்கினு கீறா?" என்று மண்டியில் மற்ற ஆட்கள் அப்பாவைச் சீண்டுவார்கள். அப்பா பதில் சொல்லமாட்டார். தலையில் மூட்டை இருக்கும்போது பதில் சொல்லவும் முடியாது.

முதல் கேசட்டைப் பாண்டிச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் பதிவு செய்தார்கள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் மெத்தையை நிறுத்தி வைத்து, ஃபேனை அணைத்துவிட்டு, வியர்க்க வியர்க்கப் பாடினார்களாம். ஒரு பக்கம் நாலு பாட்டு, மறுபக்கம் ரெண்டு. மீதி வெறும் நாடா. கேட்டவர்கள் கேசட் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொண்டுவந்தார்கள். இரண்டாவது கேசட்டில் அந்தத் தப்பைச் செய்யவில்லை. அதில் மூன்றாவது பாட்டு முடிந்து சின்ன இடைவெளி விட்டு வரும் 'ஒத்தத் தண்டவாளம்'. என் கதை அந்தப் பாட்டைப் பற்றியதுதான். எங்கெங்கோ போய்விட்டேன்.

அந்தக் காலத்தில் புதுக் கேசட் வாங்குகிறவர்கள் குறைவு. வெறும் கேசட்டைக் கொண்டுபோய், வேண்டிய பாட்டுகளைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்தால், ரெக்கார்டிங் கடையில் பதிந்து தருவார்கள். விழுப்புரத்தில் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் அப்படி ஒரு கடை இருந்தது. கடைக்காரர் வாரம் முழுக்க வந்த சீட்டுகளை ஒரு கம்பியில் குத்தி வைப்பார். சனிக்கிழமை காலையில் அதிகம் கேட்கப்பட்ட பத்துப் பாட்டை ஒரு கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி வாசலில் மாட்டுவார். பாட்டின் பெயர், பக்கத்தில் படத்தின் பெயர். காலேஜ் பையன்கள், ரயில்வே ஆட்கள், புடவைக் கடைப் பெண்கள் என்று அதன் முன்னால் எப்போதும் ஒரு கூட்டம் நிற்கும். தேர்தல் முடிவு பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள்.

சனிக்கிழமைகளில் மண்டி லாரி விழுப்புரத்துக்குப் போகும். அப்பா மூட்டைகளின் மேல் உட்கார்ந்து போவார். அத்தை கெஞ்சி என்னையும் ஏற்றிவிடுவாள். நான் நாலாவது படித்துக்கொண்டிருந்தேன். எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அப்பா மூட்டை இறக்கும் நேரத்தில் ஓடிப்போய் போர்டைப் பார்த்து, அத்தையின் பாட்டு எத்தனையாவது இடம் என்று சாயங்காலம் அத்தையிடம் சொல்ல வேண்டும். அதுதான் என் வேலை.

முதல் வாரம் ஒன்பது. அடுத்த வாரம் ஏழு. அதற்கடுத்த வாரம் கடைக்காரர் வீட்டில் ஒரு சாவு, போர்டே மாட்டவில்லை. அப்புறம் ஐந்து. புதுப்படம் ஒன்று வந்து எட்டுக்குத் தள்ளியது. அன்று அத்தை சாப்பிடவில்லை. பிறகு நான்கு, மூன்று. படத்தின் பெயர் எழுத வேண்டிய இடத்தில் கடைக்காரர் 'புயல் கூண்டு' என்று எழுதியிருந்ததால், "அது எந்தத் தியேட்டர்ல ஓடுது?" என்று ஜனங்கள் அவரைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பிறகு இரண்டு. அதோடு நின்றுவிட்டது. இரண்டு, மறுபடியும் இரண்டு. முதல் இடத்தில் ஒரு சினிமாப் பாட்டு பந்தல்கால் மாதிரி நகராமல் நின்றது.

அதே நாட்களில்தான் அத்தைக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். அப்பாவை மண்டியில் சேர்த்துவிட்ட மேஸ்திரியின் தம்பி, வளவனூரில் வீடு. மேஸ்திரி வாய்விட்டுக் கேட்ட பிறகு அப்பாவால் மறுக்க முடியவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டார். ஈஸ்டர் கழிந்த வாரம் நிச்சயம் என்று முடிவாயிற்று. அவர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: பாட்டு கீட்டு எல்லாம் இதோடு நிற்க வேண்டும்.

அத்தை மாப்பிள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. "பாட வுடுவாங்களான்னு மட்டும் கேளு அண்ணே. வுட்டாங்கன்னா நாளைக்கே கட்டிக்கிறேன்" என்றாள்.

"கட்டிக்கினு போற வூட்டுல மைக்கப் புடிச்சிக்கினு நிக்கப் போறியா?"

"நின்னா இன்னா? மூணாவது கேசட்டுக்கு நாலு பாட்டு கட்டி வெச்சிருக்கோம். உயுப்புரம் போர்டுல ரெண்டாவது எடத்துல கீது என் பாட்டு. சும்மாவா?"

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. சாப்பிட்ட தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். "ரெண்டாவது, ரெண்டாவது! மொதல் நம்பர் வரட்டும். நிச்சயத்துக்கு முன்னால வந்துச்சுன்னா நானே வளவனூருக்குப் போயி, வேணாம்னு சொல்லிட்டு வர்றேன். போதுமா?"

வராது என்கிற தைரியத்தில் சொன்னது. அது அம்மாவுக்குத் தெரிந்தது, அத்தைக்கும் தெரிந்தது. எனக்கு மட்டும்தான் அது வாக்குறுதியாகக் கேட்டது.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. நிச்சயத்துக்கு முன்னால் அதுதான் கடைசி போர்டு. அன்று மூட்டை இறக்கி முடித்ததும் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வா, நானும் வர்றேன். இன்னியோட இந்தக் கூத்து முடியட்டும்" என்றார்.

கடை வாசலில் நல்ல கூட்டம். நாங்கள் போய்ச் சேரும் நேரம் யாரோ கேட்டு, கடைக்காரர் அந்தப் பாட்டைத்தான் போட்டார். கடைக்கு மேலே கட்டியிருந்த ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. அப்பா அதுவரை அவள் கச்சேரி ஒன்றுக்கும் போனதில்லை. வீட்டில் டேப்ரெக்கார்டரும் கிடையாது. சர்ச்சில் பாடுகிற தங்கையைத்தான் அவருக்குத் தெரியும். இது வேறு குரல். போர்ட்டர் ஒருவர் தள்ளுவண்டியை நடுரோட்டில் அப்படியே விட்டுவிட்டு நின்றார். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்த ஒரு பெண், கையில் பிள்ளையோடு நின்றுவிட்டாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா மேலே அந்தப் பெட்டியைப் பார்த்தபடி, பாட்டு முடிகிற வரை நின்றார். கழுத்தில் மல்லாட்டைத் தூசி ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

முடிந்ததும் என்னைப் பார்த்து, "படி" என்றார்.

நான் போர்டைப் பார்த்தேன். முதல் வரியில் அதே சினிமாப் பாட்டு. இரண்டாவது வரியில் ஒத்தத் தண்டவாளம். என்ன யோசித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. யோசிக்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். விரலை நீட்டி முதல் வரியைக் காட்டினேன். "ஒத்தத் தண்டவாளம், புயல் கூண்டு" என்று எழுத்துக்கூட்டுகிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.

பக்கத்தில் நின்ற காலேஜ் பையன் சிரித்துவிட்டான். "டேய் தம்பி, மாத்திப் படிக்கிறடா. அது ரெண்டாவதுல கீது. மொதல்ல கீறது சினிமாப் பாட்டு. நாலெழுத்து ஒழுங்கா சொல்லிக் குடுங்க நைனா இவனுக்கு."

எனக்குக் காது சுட்டது. அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

"எம் புள்ள படிச்சா கரெக்டாத்தான் இருக்கும். நீ உன் வேலயப் பாத்துக்கினு போ" என்றார்.

அந்தப் பையன் போர்டையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தோளைக் குலுக்கிக்கொண்டு போனான். எழுத்து தெரியாத அப்பாவை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் பெருமை. லாரியிலிருந்து திண்டிவனத்தில் இறங்கியதும் அப்பா, "உன் அத்த கேட்டா போர்டுல படிச்சத அப்படியே சொல்லு. ஆளுக்கு ஒண்ணு சொல்லிக்கினு திரியாத" என்றார்.

சொன்னேன். அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு, "நீயே பாத்தியா? கண்ணால பாத்தியா?" என்று கேட்டாள். அப்பா பின்னாலிருந்து, "நானும்தான் பாத்தேன்" என்றார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பது அந்த நேரத்தில் அவளுக்கு நினைவே வரவில்லை. அவள் சந்தோஷத்தில் குதிப்பாள் என்று நினைத்தேன். அவளோ தரையில் உட்கார்ந்து, முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதாள்.

மறுநாள் ஈஸ்டர் ஆராதனை முடிந்த கையோடு அப்பா வளவனூருக்குப் பஸ் ஏறினார். வெள்ளைச் சட்டையில் போனவர், இருட்டுவதற்கு முன் அதே வெள்ளைச் சட்டையில் வந்தார். ஒரு பட்டன் மட்டும் இல்லை. அம்மா பட்டன் டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை அப்பா மண்டிக்குப் போய், மேஸ்திரி உள்ளே விடாததால் உடனே திரும்பி வந்தார். அடுத்த வாரத்திலிருந்து குவாரியில் கல் உடைக்கிற வேலைக்குப் போனார்.

அடுத்த சனிக்கிழமை அத்தை தானே பஸ் ஏறி விழுப்புரம் போய் போர்டைப் பார்த்தாள். "ரெண்டுக்கு எறங்கிடுச்சு" என்று வருத்தமாகச் சொன்னாள். ஆக எங்கள் வீட்டு வரலாற்றில் அந்தப் பாட்டு ஒரே ஒரு வாரம் முதல் இடத்தில் இருந்தது.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது என்னை அனுப்பவில்லை. சோடாக் கடையில் பாட்டில் கழுவச் சேர்த்துவிட்டார்கள். எனக்குக் காரணம் தெளிவாகத் தெரிந்தது. போர்டைப் பொய்யாகப் படித்தவனுக்கு இனிப் படிப்பு கிடையாது என்று ஆண்டவர் தீர்த்துவிட்டார். யாரையும் குறைசொல்லத் தோன்றவில்லை. அந்த மழைக்காலத்தில் மூன்றாவது கேசட் வந்தது. இருக்கிறதிலேயே நல்ல கேசட் அதுதான் என்பேன். அதிலிருந்து ஒரு பாட்டுகூட விழுப்புரம் போர்டில் வரவில்லை. பிறகு டிரம் அடிப்பவர் துபாய்க்குப் போனார். குழு கலைந்தது.

மனதுக்குள் அது அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் மத்தியானம் அப்பாவுக்குக் கேப்பங்கூழ் எடுத்துக்கொண்டு குவாரிக்குப் போனேன். அவர் பாறை நிழலில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். விரல்களில் துணி சுற்றியிருந்தது. நான் தள்ளி நின்றுகொண்டேன், அடி எட்டாத தூரத்தில்.

"அப்பா, அன்னிக்கி போர்டுல நான் பொய் சொல்லிட்டேன். அது ரெண்டாவதுலதான் இருந்துச்சு."

அவர் கூழைக் குடித்து முடித்தார்.

"தெரியும்டா. அந்தக் காலேஜ் பையந்தான் அப்பவே சொன்னானே" என்றார். பிறகு, "வெங்காயம் இன்னொண்ணு கொணாந்தியா?" என்று கையை நீட்டினார்.

எடுத்துக் கொடுத்தேன். அவர் அதைக் கல்லில் வைத்துத் தட்டி வாயில் போட்டுக்கொண்டு சுத்தியலை எடுத்தார். அடி விழவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆச்சரியமாக இருந்தது. காலிச் சட்டியை ஆட்டிக்கொண்டு, தப்பித்தோம் என்று வழியெல்லாம் ஓடியே வீட்டுக்கு வந்தேன்.