பெல்லிங்கின் பதினோரு புத்தகங்கள்

எங்கள் ஆல்டர்விக் பள்ளியில் ஓர் ஆசிரியர் இறந்துபோனால், பணியில் அவருக்கு அடுத்த மூத்தவர்தான் பள்ளி இதழில் அவர் வாழ்க்கையை எழுத வேண்டும். போன மாதம் லத்தீன் வாத்தியார் அம்புரோஸ் பெல்லிங் போய்ச் சேர்ந்தார். அடுத்தவன் கணக்கு வாத்தியார் கார்சைட், அதாவது நான். இருபத்தாறு வருடம் அந்த ஆளைப் பார்த்து வயிறெரிந்தவன் கையில் பேனாவைக் கொடுத்திருக்கிறார்கள். பதினைந்தே வரியில் முடித்துவிடுவது என்று இருந்தேன்.

பெல்லிங் யாரையும் பிரம்பால் அடித்ததில்லை. பையன்கள் அவர் வகுப்பில் பட்டாணி எறிவார்கள். என் வகுப்பில் மூச்சு விடமாட்டார்கள். ஆனாலும் லீவு முடிந்து வந்ததும் அவரைத்தான் தேடிப் போவார்கள். எழுதியது பதினோரு புத்தகம். இரண்டு லத்தீன் பயிற்சி நூல், மீதியெல்லாம் கடல் சாகசக் கதை. கால்வாயில் கரிப் படகு போவதைத் தவிர அவர் கப்பல் எதையும் கண்டதில்லை. இருந்தும் ஊர் அவரை எழுத்தாளர் என்றது. வருடாவருடம் பரிசு நாளில் அவருடைய கதைகளைச் சிவப்புத் தோல் அட்டையில் கட்டி, பள்ளி முத்திரை குத்திப் பரிசாகக் கொடுப்பார்கள். கணக்கில் முதல் வந்தவனுக்கும் அதே கடல் கதைதான். நான் நின்று கைதட்டவேண்டும்.

ஒன்பதாவது புத்தகம் வந்தபோது பொறுக்கவில்லை. வாரப் பத்திரிகைக்குப் பெயர் போடாமல் ஒரு விமர்சனம் அனுப்பினேன். அறுபதாம் பக்கத்தில் ஒரு கையை இழந்த கேப்டன் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இரண்டு கையாலும் கயிறு பிடிக்கிறான். இப்படிப் பத்தொன்பது தப்பு. அதற்காகவே அதை இரண்டு தடவை படித்தேன். அது அச்சில் வந்த மறுநாள் அவர் முகம் தொங்கும் என்று காத்திருந்தால், மனுஷன் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே எனக்கு டீ ஊற்றிக் கொடுத்தார்.

போன வாரம் நூல் பட்டியல் எடுக்க அவர் வீட்டுக்குப் போனேன். மனைவி ஹாரியட் சோம்பு போட்ட கேக்கை வெட்டி வைத்தார். மேசைக்கு மேலே என் விமர்சனம் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது.

"இதுதாங்க அவருக்கு உசுரு. பதினோரு புத்தகத்துக்கும் வந்தது இது ஒண்ணுதான். 'ஹாரியட், பரிசு வாங்கின பசங்ககூடப் பிரிச்சுப் பாக்கல, இந்த மனுஷன் ஒரு பக்கம் விடாமப் படிச்சிருக்கான்'னு சொல்லிச் சொல்லி மாஞ்சு போவாரு. கடைசிப் புத்தகத்தை இதை எழுதினவருக்குத்தான் சமர்ப்பணம் பண்ணியிருக்காரு. யாருன்னு உங்களுக்குத் தெரியுமா, மிஸ்டர் கார்சைட்?"

தெரியாது என்றேன்.

நானும் ஒரு வடிவியல் நூல் எழுதிச் சொந்தச் செலவில் அச்சடித்திருக்கிறேன். பதினான்கு வருடமாகிறது. அதில் தப்பு இருக்கிறது என்று சொல்லக்கூட இன்றுவரை ஒருத்தன் வரவில்லை.