பாத்திரங்களை எடுத்து வைத்துவிடுங்கள்

மிலாடாவுக்கு இருந்தது ஒரே ஒரு ஆசை. வருஷத்தில் ஒரு வாரமாவது வேறு யாரோ சமைத்ததை உட்கார்ந்து சாப்பிட வேண்டும். நகை வேண்டாம், பட்டுத்துணி வேண்டாம், இளமை திரும்ப வேண்டாம். ஒரு தட்டு அவள் முன்னால் வந்து இறங்க வேண்டும். அதை அவள் கழுவக்கூடாது. அவ்வளவுதான்.

பிரெரோவ் என்ற செக் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் அவள் சமையல்காரி. பதினைந்து வயதில் சமையல் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள், அன்றைக்குப் பிடித்த கரண்டி இன்னும் கீழே இறங்கவில்லை. முன்னூறு பிள்ளைகளுக்குச் சூப், குழம்பு, அவித்த மாவுத் துண்டுகள். அண்டாவைக் கிளறிக் கிளறி வலது மணிக்கட்டு வீங்கியே இருக்கும். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்த பிறகு, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் மேல் தட்டை வைத்து நின்றுகொண்டே நாலு வாய் தின்பாள். சாயந்திரம் வீட்டுக்கு வந்தால் புருஷன் லுபோர் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "இன்னைக்கு என்ன?" என்பான். முன்னூறு பிள்ளைகள் கேட்ட அதே கேள்வி.

சரி, கோடை விடுமுறையிலாவது ஓய்வு உண்டா என்றால், அதுதான் இன்னும் மோசம். செக் நாட்டில் கடல் கிடையாது. கடலுக்குப் போவது என்றால் குரோவேஷியாவுக்குக் காரில் போவது. காரில் போவது என்றால் சமையலறையைப் பெயர்த்து ஏற்றிக்கொண்டு போவது. அந்தத் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். உருளைக்கிழங்கு மூட்டை, வீட்டில் செய்து கண்ணாடிப் புட்டிகளில் அடைத்த மாட்டுக்கறிக் குழம்பு, மாவு, ஈரல் விழுது டப்பாக்கள், பீர். அங்கே போய் வாங்கினால் விலை கொள்ளையாம், வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாதாம். இதெல்லாம் போதாதென்று, வழிக்கு ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த கறித்துண்டு. கிளம்புவதற்கு முந்தின சாயந்திரம் அதைப் பொரிக்காத வீடு, கிளம்பின வீடே இல்லை.

ஆக, கிளம்பும் முன்னால் ஒரு வாரம் அடுப்படி. போன இடத்தில் ஒரு வாரம் அடுப்படி, ஜன்னல் வழியாகக் கடல் தெரியும் என்பது மட்டும் வித்தியாசம். இருபது வருஷம் போயிருக்கிறாள். கடல் எப்படி இருக்கும் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. எந்த வீட்டில் எந்த அடுப்பு சரியாக எரியாது என்று கேட்டால் ஒன்றுவிடாமல் சொல்வாள்.

இந்த வருஷம் அவர்களுடைய பழைய கார் அரசுச் சோதனையில் தேறவில்லை. அடித்தட்டு துருப்பிடித்து ஓட்டை. லுபோர் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தான். மறுநாள் சாப்பிடும்போது திடீரென்று தெளிந்துவிட்டான்.

"ரயில்ல போவோம் மிலி," என்றான் சூப்பை ஊதிக்கொண்டே. அவன் ரயில்வேயில் பெட்டிகளின் பிரேக்கைப் பார்க்கிறவன். குடும்பத்துக்கே வெளிநாட்டு ரயிலிலும் சலுகைச் சீட்டு உண்டு. "வியன்னாவுல ரெண்டு ராத்திரி. அங்கேருந்து மலைப்பாதையில இத்தாலிக்கு, ட்ரியெஸ்ட், கடலோரம். கடைசியா வெனிஸை ஒரு நாள் சுத்திட்டு, ராத்திரி ரயில்ல திரும்பிடுவோம். ஒரு வாரம். எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு. யாரு ஏற்பாடு பண்றது?"

"ரயிலை நான் பாத்துக்கிறேன். மத்ததை நீ பாரு."

ரயில் என்பது அவனுக்கு மனப்பாடமாகத் தெரிந்த விஷயம், ஒரு கை விரலுக்குள் அடங்கும். மத்தது என்பது தங்கும் இடம், துணிமணி, மருந்து, பூனையை யாரிடம் விடுவது, செடிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது, கறி தின்னாத மகளுக்கு என்ன வாங்கித் தருவது, மழை பெய்தால் என்ன செய்வது என எல்லாம்.

மிலாடா கரண்டியைக் கீழே வைத்தாள். "பாக்குறேன். ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். நான் அடுப்பைத் தொடமாட்டேன். கடலோரத்துல காலையிலயும் சாயந்திரமும் சாப்பாடு போடுற விடுதியாத்தான் பாப்பேன்."

"யாரு உன்னைச் சமைக்கச் சொன்னா? விடுமுறைக்குப் போயி யாராவது சமைப்பாங்களா?"

"அப்போ போன வருஷம் அந்த உருளைக்கிழங்கெல்லாம் தானாவே தோலை உரிச்சுக்கிச்சா?"

ஓலமோட்ஸில் படிக்கிற மகள் ராட்கா அன்றைக்கு வீட்டில் இருந்தாள். "அப்பா, வாயை மூடிட்டு சூப்பைக் குடிங்க," என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு மாசம் மிலாடாவுக்கு வேலைக்கு மேல் வேலை. தினமும் சாப்பாட்டுக்கூடத்தை அலசிவிட்டு வந்து, கால் இரண்டையும் ஒரு முக்காலியில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கணினியை மடியில் வைத்துக்கொள்வாள். வியன்னாவில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் காலைச் சாப்பாட்டோடு ஒரு அறை கிடைத்தது. கடலோரம்தான் இழுத்தடித்தது. சாப்பாடு போடுகிற விடுதி கிடைத்தால் கடல் இருக்காது. கடல் இருந்தால் அறை இருக்காது. நடுவில் ஆளாளுக்கு ஒரு யோசனை. லுபோருக்கு வியன்னாவில் பழைய எஞ்சின்கள் நிற்கிற காட்சியகம் பார்க்க வேண்டும், மலைப்பாதையில் பாலம் தெரிகிற பக்கத்து ஜன்னல் வேண்டும். ராட்காவுக்கு வெனிஸில் படகு.

"உனக்கு என்ன வேணும்னு யாராச்சும் கேட்டாங்களா?" என்றாள் கூட வேலை செய்யும் அலெனா, வெங்காயம் உரித்துக்கொண்டே.

"நான்தான் சொல்லிட்டேனே, சமைக்கமாட்டேன்னு."

"சொல்லுவே. என் வீட்டுக்காரர்கிட்ட நானும் போன வருஷம் சொன்னேன். அங்கே போனதும், 'முட்டை மட்டும் பொரிச்சுடு, அது சமையலா?'ன்னாரு. முட்டையில ஆரம்பிச்சது, கிளம்புற அன்னைக்குக் கோழிக்குழம்புல வந்து நின்னுச்சு."

"அடுப்பே இல்லாத இடத்துல எதைப் பொரிக்கிறது?"

"அப்ப சரி," என்றாள் அலெனா. நம்பினமாதிரி தெரியவில்லை.

மே மாசக் கடைசியில் ஒரு சாயந்திரம், பெற்றோர் தினச் சாப்பாட்டுக்கு இரண்டு மடங்கு சமைத்துவிட்டு வந்த அலுப்பில், மிலாடா ட்ரியெஸ்டில் ஓர் இடத்தைப் பிடித்துவிட்டாள். கடல் தெரியும், ஸ்டேஷனிலிருந்து நடக்கலாம், படத்தில் வெள்ளைத் திரைச்சீலை ஆடிக்கொண்டிருந்தது. கண் சொருகியது. பணத்தைக் கட்டிவிட்டு, கணினியை மூடாமலே தூங்கிப்போனாள்.

அந்த வார இறுதியில் வந்த ராட்கா, விவரத்தை வாசித்துப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அம்மா, கார் நிறுத்த இடம் இருக்காம்," என்றாள்.

"நம்மகிட்டதான் கார் இல்லியே."

"அதான். அப்புறம்... இது விடுதி இல்லம்மா. வீடு. முழுச் சமையலறை. நாலு அடுப்பு, ஓவன், பானை சட்டி எல்லாம் உண்டுன்னு போட்டிருக்கு. சாப்பாடு கிடையாது."

மிலாடா கணினியைப் பிடுங்கிப் பார்த்தாள். இருபது வருஷமாகத் தேடும்போதெல்லாம் முதலில் தட்டுகிற கட்டங்கள் இரண்டு: சமையலறை, கார் நிறுத்த இடம். தூக்கத்தில் விரல் தானாகப் போய் அதையே தட்டியிருக்கிறது. மலிவாகக் கிடைக்கிறதென்று, ரத்து செய்தால் பணம் திரும்பாத வகையைப் பிடித்ததும் அந்தப் பழக்கம்தான். வேறு யார் மேலாவது எரிந்து விழலாம் என்றால் ஆளே இல்லை. அவள் கை, அவள் விரல்.

லுபோருக்கு மட்டும் முகம் மலர்ந்துவிட்டது. "பரவாயில்ல விடு மிலி. சமையலறை இருந்தா நல்லதுதானே? ஒரு அவசரத்துக்கு ஆகும். நாலு புட்டி குழம்பு எடுத்துட்டுப் போனா..."

"லுபோர்."

"சும்மா சூடு பண்றதுதான். அது சமையலா?"

முட்டையில் ஆரம்பிக்கும் என்று அலெனா சொன்னது காதில் கேட்டது. மிலாடா எழுந்து போய், குளியலறைத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். அழுகை வரவில்லை. அழக்கூடத் தெம்பில்லை. இந்த மனுஷன் கெட்டவன் இல்லை. குடிப்பான், அளவோடு. கத்தமாட்டான். தன் காப்பியைத் தானே போட்டுக்கொள்வான். ஆனால் ஓர் அடுப்பையும் ஒரு சட்டியையும் அவளையும் ஒரே அறையில் பார்த்துவிட்டால், அவனுக்குப் பசி எடுத்துவிடும். அதைவிடக் கேவலம், அவள் கையும் தானாகக் கத்தியைத் தேடும்.

சட்டி. அவள் சட்டென்று எழுந்தாள்.

மறுநாள் லுபோர் வேலைக்குப் போனதும் மகளைக் கூப்பிட்டாள். "அந்த வீட்டுக்காரங்களுக்குப் போன் போடு. உனக்குத்தான் இங்கிலீஷ் வருமே. சமையலறையில இருக்கிற சட்டி பானையெல்லாம் எடுத்து வச்சுடச் சொல்லு. வாணலி, கத்தி, ஒண்ணும் இருக்கக்கூடாது. நாம வர்றப்போ அடுப்பு மொட்டையா இருக்கணும்."

"அம்மா, நிஜமாவா?"

"போடு."

வீட்டுக்காரி புரூனா என்ற கிழவி, கீழ்த்தளத்திலேயே குடியிருப்பவள். அவளுக்கு முதலில் புரியவே இல்லை. ராட்கா மூன்று தடவை திருப்பித் திருப்பிச் சொன்னாள். பிறகு போனைப் பொத்திக்கொண்டு, "எல்லாரும் பெரிய சட்டி இருக்கா, இன்னொண்ணு குடுங்கன்னுதான் கேப்பாங்களாம். ஏன் எடுக்கணும்னு கேக்குறாங்கம்மா," என்றாள்.

"நான் முன்னூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவ, வீட்டுல ஒரு பெரிய பிள்ளை இருக்குன்னு சொல்லு."

ராட்கா சொன்னாள்.  அந்தப் பக்கத்திலிருந்து போன் அதிரும்படி ஒரு சிரிப்பு.

"புரிஞ்சுதாம். தன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சுடுறாங்களாம். காப்பிக் கெண்டியையும் எடுக்கணுமான்னு கேக்குறாங்க."

மிலாடா யோசித்தாள். "அது இருக்கட்டும். அதை அவன் தானே பாத்துக்குவான்."

ஜூலை வந்தது. கிளம்புவதற்கு முந்தின சாயந்திரம் லுபோர் அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றான். ஒன்றும் கேட்கவில்லை. நின்றான், அவ்வளவுதான். ரயிலில் பொரித்த கறித்துண்டு இல்லாமல் எப்படி என்பது அவன் நின்ற நிற்பிலேயே இருந்தது. மிலாடாவுக்குச் சண்டை போட அலுப்பாக இருந்தது. சண்டை போடுவதைவிடப் பொரிப்பது சுலபம். பொரித்தாள். மகளுக்குக் காலிஃபிளவரைப் புரட்டிப் பொரித்தாள். எண்ணெய்ச் சட்டியைக் கழுவிக் கவிழ்க்கும்போது, அதன் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

ரயில் நாட்டு எல்லையைத் தாண்டுவதற்குள் கறித்துண்டு காலி. வியன்னாவில் லுபோர் எஞ்சின்களைச் சுற்றிச் சுற்றி வந்தான். அவன் முதுகுப்பையை இறக்கி வைக்கும்போதெல்லாம் கண்ணாடி கண்ணாடியோடு இடிக்கிற சத்தம் கேட்டது. கடையில் வாங்கிய குழம்புப் புட்டிகள். திருட்டுத்தனமாக வாங்கி, சட்டைகளில் சுற்றி வைத்திருந்தான். மிலாடா கேட்டும் கேட்காததுபோல் ஒரு பூங்கா பெஞ்சில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். மலைப்பாதையில் பாலம் வந்தபோது அவளை எழுப்பினான். பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. மறுபடி தூங்கிவிட்டாள்.

ட்ரியெஸ்ட் வீடு நாலாவது மாடியில். புரூனா கிழவி சாவியை மிலாடாவின் கையில் வைத்து, அந்தக் கையை ஒரு அழுத்து அழுத்திவிட்டுப் போனாள். மிலாடா நேராகப் படுக்கையில் போய் விழுந்தாள், செருப்போடு.

சமையலறையிலிருந்து அலமாரிக் கதவுகள் திறந்து மூடும் சத்தம்.

"மிலி! சட்டியெல்லாம் எங்கே?"

"எனக்கென்ன தெரியும்? நானும் இப்பத்தானே வர்றேன். தேடிப் பாரு."

"ஒரு கிண்ணம் கூட அடுப்புல வைக்கிறமாதிரி இல்ல! என்ன வீடு இது? நாலு அடுப்பை வச்சிருக்காங்க, சட்டி இல்ல." சத்தம் நின்றது.  அப்புறம் ராட்காவின் குரல் கேட்டது.

"அப்பா, வேண்டாம். அது காப்பிக் கெண்டி. அதுக்குள்ள குழம்பு போகாது."

"போகும். மெதுவா ஊத்தினா..."

"அப்பா. வாங்க, வெளிய போயி ஏதாவது வாங்கிட்டு வருவோம். அம்மா தூங்கட்டும்."

கதவு சாத்தும் சத்தம். படிக்கட்டில் இறங்கும்போதும் அவன் முணுமுணுப்பது கேட்டது. மிலாடா கூரையைப் பார்த்துக்கொண்டு, இன்றைக்கு என்ன என்று யாரும் கேட்காததைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு கிடந்தாள். அப்படியே தூங்கிப்போனாள்.

எழுந்தபோது வெளிச்சம் மங்கியிருந்தது. மேசையில் ஒரு தட்டு, அதன் மேல் இன்னொரு தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. திறந்தாள். பொரித்த மீன், பக்கத்தில் மஞ்சள் சோளக்களி. எப்போதோ ஆறிப்போயிருந்தது. லுபோர் பால்கனியில் காப்பிக் குவளையோடு உட்கார்ந்திருந்தவன் திரும்பினான்.

"எழுப்பலாம்னு பாத்தேன். நீ குறட்டை விட்டுட்டிருந்தே. ஆறிப்போயிடுச்சு, சூடு பண்ணலாம்னா சட்டி இல்ல. அந்தக் கிழவியைக் கேட்டா சிரிக்குது. ஏன் சிரிக்குதுன்னு உன் மகளும் சொல்லமாட்டேங்குறா."

"பரவாயில்ல."

"நாளைக்கும் அந்தக் கடையிலதான் போல," என்றான், ஏதோ தன் தலையெழுத்துபோல.

மிலாடா நாற்காலியை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டாள். கடல் இருந்த இடத்தில் இப்போது சாம்பல் நிறம்தான் தெரிந்தது. அது நாளைக்கும் இருக்கும். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்து, அந்த ஆறின மீனை மெதுவாக, உட்கார்ந்து சாப்பிட்டாள்.