துகளிடம் கேட்கக் கூடாத கேள்வி

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குள் வரைபடம் சரிவராவிட்டால் ஆய்வுத் தலைப்பையே மாற்ற வேண்டும் என்று விரிவுரையாளர் சொல்லிவிட்டார். நான் அப்போது பல்கலைக்கழகத்தில் பௌதிகம் இறுதி வருடம். ஒரு குவாண்டம் துகள் கோட்டின் மேல் அடியடியாக எப்படி நகர்கிறது என்று கணினியில் காட்டுவதுதான் என் வேலை. அது அலையாக இரு பக்கமும் ஒன்றாகப் பாய்ந்து, ஓரங்களில் இரண்டு மலைகளாக எழ வேண்டும். என் திரையிலோ இரண்டு வாரமாக நடுவில் ஒரே ஒரு குவியல். அழுதும் பார்த்தேன், பிரயோசனமில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை பேக்கரியில் பாண் வாங்கித் திரும்பினேன். மஹய்யாவயில் எங்கள் சந்தில் கதவுக்குக் கதவு ஒரு கேள்வி உண்டு. பதில் சொல்லாமல் போனால் தலைக்கனம் பிடித்தவள் என்பார்கள்.

"எங்கம்மா போயிட்டு வர்ற?"

"கடைக்கு, அக்கா."

நாலு எட்டு வைத்தால் அடுத்த கதவு, அதே கேள்வி. ஒவ்வொரு வாசலிலும் நின்று, சொல்லி, மறுபடி புதிதாகப் புறப்பட வேண்டும். ஐந்தாவது வாசலில் எரிச்சலோடு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

நானும் இதைத்தானே செய்திருக்கிறேன்! பிழை வந்தால் தெரியட்டும் என்று, ஒவ்வொரு அடியிலும் துகள் எங்கே இருக்கிறது என அளந்து எழுதும் ஒரு வரியை நிரலில் போட்டிருந்தேன். சந்துப் புத்தி எங்கே போகும்! கேட்ட மாத்திரத்தில் அலை கலைந்து, துகள் அந்த ஓரிடத்திலிருந்து மறுபடி தொடங்கும். பிறகு குடிகாரன் மாதிரித் தள்ளாடி நடுவிலேயே சுற்றும்.

பாணை அம்மாவின் கையில் திணித்துவிட்டு அந்த வரியை அழித்தேன். இரண்டு மலைகள்! நான் போட்ட சத்தத்தில் அம்மா பயந்து ஓடிவந்தார். பத்து அடிக்கு ஒரு தடவை துகளைக் கேட்கும்படி நிரலை மாற்றினேன், மலைகள் சரிந்தன. அடிக்கடி கேட்கக் கேட்க, பழைய குவியல் திரும்பி வந்தது. நிஜ உலகில் கேட்க ஆளே வேண்டாம், காற்று வந்து மோதினாலே போதும். நான் திட்டித் தீர்த்த குவியல், சூழல் துகளை என்ன செய்கிறது என்பதன் படமேதான். மூன்று நிலைக்கும் படம் வரையத் தொடங்கினேன்.

எல்லாப் படங்களும் முடிய இரண்டரை மணி. மடிக்கணினியோடு ஓடினேன். ஐந்து வாசலிலும் கேட்டார்கள். ஐந்து வாசலிலும் நின்று, துகள் கதையைச் சொன்னேன். யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சிரித்தார்கள். பஸ் போய்விட்டது. அடுத்ததைப் பிடித்துப் பல்கலைக்கழகப் படிகளில் ஓடி ஏறும்போது மூன்று மணி தாண்டியிருந்தது.

யாழ்ப்பாணத்துக்காரரான விரிவுரையாளர் அறையைப் பூட்டிக்கொண்டிருந்தார். "இவ்வளவு நேரமும் எங்கை நிண்டனீர்?"

மடிக்கணினியை அவர் முகத்துக்கு நேரே திறந்தேன். மூன்று படங்களையும் பார்த்தார். பூட்டிலிருந்த சாவியைத் திரும்பவும் மற்றப் பக்கம் திருப்பினார்.

"உள்ளுக்கு வாரும்."